விளக்கு வைக்கும் நேரத்து அழுகை

என் அக்கா மகள் பிறந்த மூன்றாவது வாரத்தில் அழத் தொடங்கினாள். அதற்கு முன்னும் அழுதாள்தான். பசித்தால், துணி நனைந்தால், தூக்கம் கலைந்தால் எல்லாப் பிள்ளைகளும் அழுகிற அழுகை. இது வேறு. வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சரியாக ஆரம்பிக்கும். முகம் செக்கச்செவேலென்று ஆகிவிடும். இரண்டு கையும் இறுக மூடிக்கொள்ளும். முழங்கால்களை வயிற்றோடு இழுப்பாள், பிறகு விறைப்பாக நீட்டுவாள், முதுகை வளைத்து வீறிடுவாள். மார்பில் போட்டால் இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரவு பத்து, பத்தரை வரை இப்படியே போகும். அதற்குப் பிறகு எதுவுமே நடக்காததுபோலத் தூங்கிவிடுவாள். விழித்திருப்பது நாங்கள்தான்.

1996, கோவில்பட்டி. தலைப்பிரசவம் என்பதால் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்தது வைகாசியில். ஆனி பிறந்ததும் கரிசல் காட்டில் காற்று கிளம்பிவிடும். ஆடியில் தெருப்புழுதி பாதி வீட்டுக்குள்தான் இருக்கும். பச்சை உடம்புக்காரிக்குக் காற்று ஆகாது என்று ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தோம். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். ஒன்பது மணிக்கு மேல்தான் வருவார். அத்தானுக்குத் தூத்துக்குடியில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கள் விடியும் முன் கிளம்பிவிடுவார். ஆக அழுகை தொடங்கும் நேரத்தில் வீட்டில் இருந்தது அம்மா, ஆச்சி, அக்கா, கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான்.

தாய்மாமன் என்றால் எங்கள் பக்கம் பெரிய உரிமைக்காரன். காது குத்தும்போது பிள்ளை அவன் மடியில்தான் உட்கார வேண்டும். முதல் மொட்டைக்கும் அவன் மடிதான். சடங்குக்கு அவன் சீர் வராமல் பந்தி வைக்க மாட்டார்கள். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் வேலை மட்டும் அந்தப் பட்டியலில் கிடையாது. அதைச் சேர்த்தவள் ஆச்சி. “மாமங்காரன் புஸ்தகத்த விரிச்சு வச்சிட்டு உக்காந்திருந்தா எப்படி? எந்திரிச்சு வாலே, பிள்ளயப் பிடி” என்றாள்.

பிடிக்கத் தெரியாது என்றேன். ஆச்சி என் இடது கையை மடக்கி நீட்டச் சொன்னாள். பிள்ளையைக் குப்புறத் திருப்பி, கன்னம் என் முழங்கை மடிப்பில் படிய, முகம் வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்தாள். நெஞ்சும் வயிறும் என் முன்கையின் மேல். கால்கள் கைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகத் தொங்கின. என் உள்ளங்கை அவள் தொடையைப் பிடித்துக்கொண்டது. வலது கையை எடுத்து அவள் முதுகில் வைத்தாள். “மூக்கு அமுங்காமப் பாத்துக்கோ. இனி நட” என்றாள்.

அந்தப் பிடியை இப்போதும் என் கை மறக்கவில்லை. முன்கைக்குக் கீழே அவள் வயிறு இறுகுவது தெரியும். உள்ளே களகளவென்று ஓடும். திடீரென்று கால்கள் விறைக்கும், காற்றுப் பிரியும், வயிறு ஒரு கணம் தளர்ந்து மறுபடி இறுகும். முழங்கை மடிப்பில் எச்சில் வழிந்து பிசுபிசுக்கும். நாலு கிலோகூட இல்லாத உடம்பு, கால் மணி நேரம் கழித்து கையை மரத்துப்போகச் செய்துவிடும். பட்டாசலிலிருந்து அடுக்களை வழியாகப் புறவாசல் வரை, அங்கிருந்து திரும்பப் பட்டாசலுக்கு. நான் விலங்கியல் மாணவன். தேர்வு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. நடந்துகொண்டே தவளையின் இரத்த ஓட்டத்தை வாய்விட்டு ஒப்பிப்பேன். என் குரல் அவள் முதுகில் வைத்த கை வழியாகவும் என் நெஞ்சு வழியாகவும் அவளுக்குப் போயிருக்க வேண்டும். அழுகை நிற்காது, ஆனால் வீறிடுவது குறைந்து விசும்பலாக இறங்கும். அந்த இறக்கத்துக்காக எவ்வளவு நேரமும் நடக்கலாம் என்று தோன்றும்.

இனி வைத்தியங்கள். ஊரில் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். பெருங்காயத்தை வெந்நீரில் உரசித் தொப்புளைச் சுற்றிப் பூசினோம். வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, விளக்கில் வாட்டி, புறங்கையில் வைத்துச் சூடு பார்த்து வயிற்றில் போட்டோம். அந்த இளஞ்சூடு அவளுக்குப் பிடித்தது என்பதில் சந்தேகம் இல்லை. விளக்கு வைத்த பிறகு அம்மா, “அந்தப் பேர் சொல்லாதத எடுத்துட்டு வா” என்பாள். வசம்பைத் தீயில் சுட்டுக் கரியாக்கி, கல்லில் உரசி, வயிற்றில் பூசுவாள். நாக்கிலும் கொஞ்சம் தடவுவது வழக்கம். வயிற்றில் பூசுவதோடு எனக்குச் சண்டை இல்லை. நாக்கில் தடவுவதை இன்று யார் வீட்டில் பார்த்தாலும் தடுப்பேன். வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. விலங்குகளில் அது புற்றுநோயை உண்டாக்கியதைப் பார்த்து, அமெரிக்காவில் 1968-இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். அதைவிட எளிய காரணமும் உண்டு. ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம்.

கிரைப் வாட்டர் இல்லாத வீடு அப்போது ஏது? பாட்டியும் அம்மாவும் மகளும் வரிசையாக அதையே சொல்லும் விளம்பரம் எல்லோருக்கும் மனப்பாடம். 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் உருவாக்கியது அது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை இவற்றோடு அந்தக் காலத்துத் தயாரிப்பில் சாராயமும் இருந்தது. பின்னாளில் சாராயத்தை எடுத்துவிட்டார்கள். இனிப்பு நாக்கில் பட்டால் எந்தப் பிள்ளையும் சற்று நேரம் அழுகையை நிறுத்தும். அந்தச் சற்று நேரமே அந்தப் பாட்டிலுக்கு நூற்றைம்பது வருஷப் பேர் வாங்கிக் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன்.

மேலத்தெருவிலிருந்து ஓர் அம்மா வந்து, “உரம் விழுந்திருக்கு” என்று சொன்னார். பழைய சேலையின் நடுவில் பிள்ளையைக் கிடத்தினார். ஒரு முனையை அவரும் மறுமுனையை என் அம்மாவும் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெல்ல உருட்டினார்கள். அவர் கை பழகின கை, வேகமே இல்லை. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு உத்திரத்தையே பார்த்தாள். சுளுக்கு என்று ஒன்று இருந்து அது எடுபட்டது என்று நான் நம்பவில்லை. வயிற்றுக்குள் இருந்தபோது பழகிய ஆட்டம் திரும்பக் கிடைத்தது, அதனால் அடங்கினாள். ஆனால் எல்லோர் கையும் அந்த அம்மாவின் கை அல்ல. கழுத்து நிற்காத பிள்ளையை வேகமாக உருட்டிவிட்டால் என்னவாகும் என்பதை நினைத்தாலே இப்போது பதறுகிறது. தொக்கம் எடுக்கிறேன், குடல் தட்டுகிறேன் என்று வருகிறவர்களிடம் பிள்ளையைக் கொடுக்கவே கூடாது. ஆச்சி அதில் உறுதியாக இருந்தாள். “வவுத்தத் தடவலாம், தட்டக் கூடாது” என்பது அவள் கணக்கு.

டாக்டரிடம் போகலாம் என்று முதலில் சொன்னதும் ஆச்சிதான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த குழந்தை மருத்துவர், வயதானவர், அதிகம் பேசாதவர். பிள்ளையின் உடம்பில் ஒரு துணி விடாமல் கழற்றச் சொன்னார். இரண்டு காதுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். உச்சிக்குழியைத் தொட்டார். வயிற்றை அமுக்கினார், அடிவயிற்றில் இரண்டு பக்கமும் குடல் இறங்கி வீக்கம் இருக்கிறதா என்று தடவினார். கடைசியாக ஒவ்வொரு கைவிரலையும் கால்விரலையும் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். எதற்கு என்று கேட்டேன். தாயின் தலைமுடி ஒன்று விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், பிள்ளை இப்படித்தான் விடாமல் அழும், துணியை விலக்கிப் பார்க்காதவர்களுக்குத் தெரியாது என்றார். எறும்பு கடித்திருக்கிறதா என்று நாங்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். முடியைப் பற்றி யாரும் நினைத்ததில்லை.

பிறகு எடை போட்டார். பிறந்த எடையைக் கேட்டு, கழித்துப் பார்த்து, தலையை ஆட்டினார். “நல்லா ஏறியிருக்கா. பால் போதுது. ஒண்ணும் இல்ல. மூணு மாசம் பல்லக் கடிச்சிக்கோங்க” என்றார். மருந்துச் சீட்டில் எதுவும் எழுதவில்லை. சீட்டு வெறுமையாக இருந்தது அம்மாவுக்கு ஏமாற்றம்தான். வயிற்று வலிக்கு டைசைக்ளோமின் சொட்டு மருந்து பல இடங்களில் தாராளமாக எழுதப்பட்ட காலம் அது. சிறு குழந்தைகளுக்கு அது மூச்சையே நிறுத்தக்கூடும் என்று தெரிந்ததால், ஆறு மாதத்துக்குள் கொடுக்கவே கூடாது என்று பின்னர் ஆகிவிட்டது. எழுதாமல் விட்ட அந்த மனிதரை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். எப்போது ஓடி வர வேண்டும் என்பதை மட்டும் அக்காவிடம் திருப்பித் திருப்பிச் சொன்னார்: காய்ச்சல், பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், வயிறு உப்பிக் கல்லாக இருப்பது, பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது. இதில் ஏதாவது ஒன்று வந்தால் நடுராத்திரியானாலும் கதவைத் தட்டலாம் என்றார்.

பிள்ளை பார்க்க வந்தவர்கள் மருந்து சொன்னதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர்கள் அக்காவைக் கேள்வி கேட்டார்கள். என்ன தின்னாய்? உருளைக்கிழங்கு தின்னாயா? பருப்புச் சாப்பிட்டாயா? குளிர்ந்த தண்ணீரில் குளித்தாயா? பால் பற்றவில்லை போலிருக்கிறதே, பசியில்தான் அழுகிறது. ஒவ்வொருவர் வந்து போன பிறகும் அக்காவின் தட்டில் ஒரு பதார்த்தம் குறைந்தது. வாயு என்று கிழங்கு போனது, சூடு என்று கத்தரிக்காய் போனது, மந்தம் என்று பயறு போனது. பூண்டுக் குழம்பும் கருவாடும் சோறும் மிஞ்சின. இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டியவள் பயந்து பயந்து சாப்பிட்டாள். பசுவின் பால் ஒவ்வாமை உள்ள சில குழந்தைகளுக்குத் தாயின் சாப்பாட்டிலிருந்து பாலை நிறுத்திப் பார்ப்பது உண்டு. அது மருத்துவர் பார்த்துச் சொல்லவேண்டியது. தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் தாயின் சோற்றில் கை வைப்பது அநியாயம். அன்றைக்கும் எனக்குக் கோபம் வந்தது, இன்றைக்கும் வருகிறது.

ஒரு நாள் இரவு. கரண்ட் போய்விட்டது. அம்மாவுக்குக் காய்ச்சல், படுத்துவிட்டாள். நான் ஓலை விசிறியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அக்கா பிள்ளையைத் தொட்டிலில் மல்லாக்கப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். தொட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புறவாசல் கதவைத் திறந்து, கிணற்றடித் துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தாள். பிள்ளை உள்ளே வீறிட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கூப்பிடப் போனேன். ஆச்சி என் கையைப் பிடித்தாள். “விடுலே. அவ உக்காந்திருக்கட்டும். நீ பிள்ளயத் தூக்கு.”

ஆச்சி படிக்காதவள். ஆனால் அந்த நிமிடத்தில் யாருக்கு ஆபத்து, எங்கே ஆபத்து என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. விடாமல் அழும் பிள்ளையைப் பெற்றவர்களே பிடித்து உலுக்கிவிடுவது உலகம் முழுவதும் நடக்கிறது. பச்சைக் குழந்தையின் தலை கனம், கழுத்து பலம் இல்லாதது. சில நொடி உலுக்கினாலே மூளைக்குள் ரத்தம் கசிந்து, பார்வை போகலாம், உயிரே போகலாம். செய்கிறவர்கள் கொடியவர்கள் அல்ல, பல நாள் தூங்காதவர்கள். கை நடுங்கத் தொடங்கினால் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, கதவுக்கு வெளியே போய்ச் சில நிமிடம் நிற்க வேண்டும் என்று இன்று மருத்துவர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அக்கா செய்தது அதைத்தான். அவள் நல்ல தாய் என்பதற்கு அந்த இரவைத்தான் நான் சாட்சியாகச் சொல்வேன்.

கிரைண்டர் விஷயம் தற்செயலாகத் தெரிந்தது. பிள்ளை அழும்போது கிரைண்டர் சத்தம் வேறு எதற்கு என்று அம்மா மாவாட்டுவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். ஒரு நாள் வேறு வழியில்லை. மறுநாள் காலைக்கு மாவு இல்லை. ஊறின உளுந்தைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினாள். கல் சுற்றத் தொடங்கி, உளுந்து நசுங்கி, சத்தம் ஒரே சீராக வந்ததும் என் கையில் இருந்த பிள்ளை வாயைத் திறந்தபடியே அழுகையை நிறுத்தினாள். கண்ணை அகல விரித்தாள். பிறகு இமை இறங்கியது. அம்மா பயந்துபோய்க் கிரைண்டரை நிறுத்தினாள். பிள்ளை மறுபடி தொடங்கினாள். போட்டாள், அடங்கினாள். அதற்குப் பிறகு உளுந்து இல்லாத நாளிலும் தண்ணீரை ஊற்றி எங்கள் வீட்டுக் கிரைண்டர் மாலையில் ஓடியது. கரண்ட் பில்லைப் பற்றி எப்போதும் பேசுகிற அப்பா அந்த இரண்டு மாதமும் வாயைத் திறக்கவில்லை.

பின்னாளில் நான் உயிரியல் ஆசிரியரானேன். இதையெல்லாம் படித்துப் பார்க்கிற பழக்கம் அப்போது வந்தது. 1990-இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், பிறந்து சில நாளே ஆன நாற்பது குழந்தைகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இரைச்சலான ஒரே சீர் ஒலியைக் கேட்ட இருபது பேரில் 16 பேர் ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டார்கள். கேட்காத இருபது பேரில் ஐந்து பேர்தான். வயிற்றுக்குள் பிள்ளை கேட்டுக்கொண்டிருந்ததும் அமைதியை அல்ல. தாயின் ரத்தம் ஓடும் சத்தம், குடலின் சத்தம், இதயத்தின் சத்தம். பிள்ளை தூங்குகிறது என்று வீட்டையே ஊமையாக்கி வைத்த நாங்கள் அவளுக்குப் பழக்கமில்லாத ஓர் இடத்தைத்தான் உண்டாக்கி வைத்திருந்தோம்.

ஆச்சியின் இன்னொரு கட்டளைக்கும் காரணம் கிடைத்தது. பிள்ளை தோளில் தூங்கிவிட்டால் நான் உடனே தொட்டிலில் போடப் போவேன். முதுகு துணியில் பட்டதும் முழித்துக்கொள்வாள். “அவசரப்படாதல. கொஞ்ச நேரம் மடியில வச்சிட்டு உக்காரு, பெறவு போடு” என்பாள் ஆச்சி. ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிலையத்தில் குமி குரோடாவின் குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. அழும் பிள்ளையைத் தூக்கி ஐந்து நிமிடம் நிற்காமல் நடக்க வேண்டும். தூங்கிய பிறகு ஐந்து முதல் எட்டு நிமிடம் அப்படியே மடியில் வைத்து உட்கார வேண்டும். பிறகுதான் படுக்கவைக்க வேண்டும். உடம்பை விட்டுப் பிரிக்கும் நொடியில் பிள்ளையின் இதயத் துடிப்பு மாறுவதைக் கருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆச்சி அதைத் தன் பிள்ளைகளை வளர்த்துப் பார்த்திருந்தாள்.

இந்த அழுகைக்கு இலக்கணம் வகுத்தவர் மோரிஸ் வெஸல் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், 1954-இல். நன்றாகப் பால் குடித்து வளர்கிற பிள்ளை, நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அதுதான் இந்த அழுகை என்றார். பெரி பிரேசல்டன் 1962-இல் எண்பது தாய்மார்களைக் குறிப்பு எழுதவைத்துப் பார்த்தார். எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளே ஆறாவது வாரத்தில் நாளைக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன. இரண்டாவது வாரம் ஏறத் தொடங்கி, ஆறாவது வாரம் உச்சிக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் இறங்கிவிடும் ஒரு மேடு அது. எல்லாப் பிள்ளைகளும் அந்த மேட்டில் ஏறி இறங்குகின்றன. சில பிள்ளைகளுக்கு மேடு உயரம். ஏன் உயரம் என்பதற்கு ஒரே காரணமாக எதையும் காட்ட முடியவில்லை. வயிற்றுக் காற்று என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அழும்போது விழுங்குகிற காற்று. காற்றைக் கலைக்கும் சிமெத்திகோன் சொட்டு மருந்தை வெறும் திரவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ரொனால்ட் பாரும் அவருடைய கூட்டாளிகளும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு. கலஹாரிப் பாலையில் வாழ்ந்த குங் சான் மக்களின் பிள்ளைகள் நாள் முழுக்கத் தாயின் உடம்போடு ஒட்டியே இருப்பவை. நினைத்தபோதெல்லாம் பால் குடிப்பவை. முனகினாலே யாராவது எடுப்பார்கள். அந்தப் பிள்ளைகளும் அதே வாரங்களில் அதிகம் அழுதன. மேடு அங்கேயும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை அழும் நேரமும் குறைவாக இருந்தது. ஏற்கெனவே இந்த அழுகை பிடித்துக்கொண்ட பிள்ளையைக் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்தாலும் அழுகை குறைவதில்லை என்றும் அதே பார் கண்டிருக்கிறார். எனக்கு இதில் நம்பிக்கை குறையவில்லை, நிம்மதிதான் வந்தது. கிழங்கு தின்றதாலோ, குளிர்ந்த நீரில் குளித்ததாலோ, பால் பற்றாததாலோ வந்ததல்ல அது. யாரும் கொடுத்ததும் இல்லை, யாரும் எடுக்கக்கூடியதும் இல்லை. அது போகும்வரை தாய் நொறுங்காமல் இருக்க வேண்டும். அதற்கு வேண்டியது சொட்டு மருந்து அல்ல, பிள்ளையை வாங்கிக்கொள்ள இன்னொரு ஜோடிக் கை. எங்கள் வீட்டு வைத்தியங்களில் வேலை செய்தது எது என்று கேட்டால் என் பதில் இதுதான்: வெற்றிலை வாட்டும் நேரம், வசம்பு உரசும் நேரம், சேலையில் உருட்டும் நேரம், இந்த நேரங்களில் எல்லாம் பிள்ளை அக்காவின் கையில் இல்லை.

ஆவணி கடைசியில் அழுகை குறைந்தது. ஒரே நாளில் நின்றுவிடவில்லை. எட்டு மணிக்கே தூங்கிய ஒரு நாள் வந்தது, இரண்டு நாள் கழித்துப் பழையபடி அழுதாள், பிறகு அழாத நாட்கள் கூடின. புரட்டாசியில் அவளைத் தூத்துக்குடிக்கு அனுப்பியபோது பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனாள்.

அவளுக்குப் போன வருஷம் மகன் பிறந்தான். சென்னையில் வேளச்சேரிப் பக்கம் ஏழாவது மாடியில் வீடு. அக்கா முட்டி அறுவை சிகிச்சை செய்துகொண்டு எழுந்து நடக்க முடியாமல் இருந்ததால் பிரசவத்துக்குத் தாய்வீடு போக வழியில்லை. ஒரு மாதம் கழித்து ராத்திரி அவளிடமிருந்து போன் வந்தது. பேசவில்லை, பின்னால் அழுகைதான் கேட்டது. நான் மறுநாள் ரயிலில் கிளம்பினேன்.

கதவைத் திறந்தவள் முகத்தைப் பார்த்ததும் கிணற்றடி நினைவு வந்தது. போனில் மழைச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளையின் தலைமாட்டிலேயே, முழு ஒலியில். எடுத்து அறையின் மறுகோடியில் வைத்து ஒலியைக் குறைத்தேன். பிள்ளையின் துணியை எல்லாம் அவிழ்த்து விரல்களைப் பார்த்தேன். மருத்துவரிடம் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். எடை சரி, எல்லாம் சரி. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைகளுக்கு ஓரளவு பலன் தருவதாக ஆய்வுகள் சொல்லும் ஒரு புரோபயாடிக் சொட்டை அவர் எழுதிக் கொடுத்திருந்தார். கொடுங்கள், அதனால் கெடுதல் இல்லை என்றேன். அவள் கணவர் கம்ப்யூட்டர் வேலைக்காரர், ஆபீஸ் விட்டு வந்தவர் பையைக்கூட இறக்கவில்லை. சட்டைக் கையை மடிக்கச் சொன்னேன். இடது கையை மடக்கி நீட்டச் சொல்லி, பிள்ளையைக் குப்புறத் திருப்பிக் கன்னத்தை முழங்கை மடிப்பில் வைத்தேன். மூக்கு அமுங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். நடக்கச் சொன்னேன். ஹாலிலிருந்து பால்கனிக் கதவு வரை அவர் நடந்தார். பிள்ளையின் கால்கள் விறைத்தன, காற்றுப் பிரிந்தது. “மாமா, வயிறு லூஸாகுது!” என்று அவர் சொன்ன குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு நன்றாகத் தெரிந்த சந்தோஷம்.

நான் அங்கே எத்தனை நாள் இருக்க முடியும்? பள்ளிக்கூடம் திறந்திருந்தது. கரூரில் இருந்த சம்பந்தியம்மா தினமும் போனில் ஒரு கைவைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார். மாந்தமாக இருக்கும், உரை மருந்து அரைத்து அனுப்புகிறேன், எந்தக் கூரியர் சீக்கிரம் போகும் என்று கேட்டார். அன்றைக்கு போனை நான் வாங்கிப் பேசினேன். மருந்து வேண்டாம் என்பதைப் பக்குவமாகச் சொன்னேன். பிள்ளைக்கு நோய் இல்லை, இன்னும் ஒன்றரை, இரண்டு மாதம் இப்படித்தான் இருக்கும், மருமகள் என்ன சாப்பிட்டாள் என்று மட்டும் தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம், அவள் எல்லாம் சாப்பிடட்டும் என்றேன். “நீங்க மருந்த அனுப்பாதீங்கம்மா, நீங்க வாங்க” என்றேன்.

மறுநாள் சாயங்காலம், அழுகை தொடங்கி அரை மணி ஆகியிருக்கும், காலிங்பெல் அடித்தது. சம்பந்தியம்மா இரண்டு கட்டைப்பைகளை வாசலிலேயே வைத்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு வந்து, மருமகளிடமிருந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். “இப்ப இருந்து பத்து மணி வரைக்கும் என்னோட நேரம். நீ போயி சாப்பிட்டுட்டுப் படு கண்ணு” என்றார். பிறகு மகனைப் பார்த்து, “பத்து மணிக்கு மேல நீயி. அலாரம் வச்சுக்கோ” என்றார்.